மாடும் மண்ணும்: தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தமிழ்க் குடியேறிகளின் நினைவுகள்



கடாரம் என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவர் இராசேந்திர சோழனை நினைக்கின்றனர். 1025ஆம் ஆண்டில் அவன் நிகழ்த்திய கடற்படையெடுப்பை எழுதுகின்றனர். அது பெருமைக்குரியதே. ஆயினும் அதே கடாரத்தின் தென்னெல்லையில் காட்டைத் திருத்திக் கரும்பு நட்டு, பால்மரம் வெட்டி, மாலையில் மாடு மேய்த்து, அந்தப் பால் விற்ற காசில் பிள்ளைகளுக்குப் பலகையும் புத்தகமும் வாங்கித் தந்த நம் பாட்டன் பாட்டியரைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதி வைத்தவர் நம்முள் எத்தனை பேர்? வென்றவனின் வரலாறு கல்லில் இருக்கிறது. குடியேறியவனின் வரலாறு முதியோர் நாவில் மட்டுமே இருக்கிறது. அந்த நாவுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. இன்றைய சொற்பொழிவுக்கு இதுவே காரணம்.

புதுநிலத்தில் குடியேறிக் கால்நடை வளர்த்து, சிற்றூர் அமைத்து வாழ்ந்தோரின் நினைவுகளை உலகின் பல நாடுகள் தம் இலக்கியமாகவும் வரலாறாகவும் போற்றுகின்றன. அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப் பண்ணைகள் திரைப்படம் வாயிலாக நம் பிள்ளைகளுக்கும் தெரியும். நம் வடமலேசிய மண்ணுக்கும் அத்தகைய எல்லைப்புற வரலாறு ஒன்று உண்டு. அதன் மையமாகத் தாசேக் கெலுகோர் என்னும் சிற்றூரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

1. ஊரும் எல்லையும்

தாசேக் கெலுகோர், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், வட மாவட்டத்தில் அமைந்துள்ளது. ‘தாசேக்’ என்பது ஏரியைக் குறிக்கும் மலாய்ச் சொல். ‘கெலுகோர்’ ஒரு புளிப்புக் காய் மரம்; நம் ஊர்க் கொடம்புளிக்கு உறவானது. அதன் காயைச் சீவி உலர்த்திய துண்டுகளைப் பினாங்குத் தமிழரின் சமையலறைகளிலும் காணலாம். ஆகவே ஊரின் பெயரிலேயே நீரும் மரமும் இருக்கின்றன.

இந்நிலத்தின் தொன்மையும் சிறிதன்று. மூடா ஆற்றின் தென்புறத்துக் குவார் கெப்பாவில் கற்கால மக்கள் குவித்த சிப்பி மேடுகள் உள்ளன. 2017ஆம் ஆண்டில் அங்கே கிடைத்த பெண் எலும்புக்கூட்டை ஆய்வாளர் ‘பினாங்குப் பெண்’ என்று அழைக்கின்றனர். மகாநாவிகன் புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவனின் வடமொழிக் கல்வெட்டை 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்ததும் செபராங் பிறையின் வடபகுதியிலேதான். அக்கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அண்மைக்கால வரலாறு 1800ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 1786இல் பினாங்குத் தீவைக் கைக்கொண்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி, அத்தீவுக்கு வேண்டிய அரிசிக்கும் இறைச்சிக்கும் கெடாவையே நம்பியிருந்தது. கெடாவிலிருந்து உணவுப் பொருள்கள் தடையின்றி வரவேண்டும் என்பது 1791ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இடம்பெற்றது. அடுத்து 1800ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவுக்கு எதிரே உள்ள கரையோர நிலத்தையும் கும்பினி பெற்றது. கெடா சுல்தானுக்கு ஆண்டுதோறும் அளிக்கும் தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது. அந்நிலத்துக்குத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் பெயர் சூட்டப்பட்டது. ‘வெல்லெஸ்லி மாநிலம்’ என்று நம் முதியோர் சொல்லிவந்தது இதனையே.

1821இல் சயாம் கெடாவின் மீது படையெடுத்தபோது ஆயிரக்கணக்கான கெடா மலாய் மக்கள் எல்லை தாண்டி இங்கே வந்து குடியேறினர். ஆதலின் இவ்வட்டாரத்தின் முதல் எல்லைப்புறக் குடியேறிகள் அம்மலாய் உழவரே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சதுப்பை வயலாக்கியவர் அவர்கள். தெற்கே பத்து காவான் போன்ற இடங்களில் கரும்பைத் தொடங்கியவர் சீனர். அவர்களுக்குப் பின்னும் அவர்களோடும் வந்தவரே தமிழர்.

வடக்கே மூடா ஆறும் கிழக்கே நிலவழி எல்லையும் இருந்தன. 1909ஆம் ஆண்டு ஆங்கில–சயாம் உடன்படிக்கை வரை, அவ்வெல்லைக்கு இப்பால் ஆங்கில ஆட்சி. அப்பால் சயாமின் மேலாதிக்கத்துக்கு உட்பட்ட கெடா. நீந்திக் கடக்கக்கூடிய ஓர் ஆறு இரண்டு ஆட்சிகளைப் பிரித்தது. எல்லைப்புறம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2. ஆநிரை கவர்தல்

எல்லைப்புறத்தில் மாடு வைத்திருப்பவனுக்கு முதல் அச்சம் திருட்டு. ஓர் இரவில் பட்டியை விட்டு ஓட்டிச் செல்லப்பட்ட மாடு, விடிவதற்குள் வேறொரு நாட்டில் நிற்கும். அங்கே இங்குள்ள காவலருக்கு அதிகாரம் இல்லை. 1909க்குப் பின்னும் இந்நிலை உடனே மாறவில்லை. வரலாற்றறிஞர் சியா பூன் கெங், 1900 முதல் 1929 வரையிலான கெடாவின் குடியானவக் கொள்ளையரைப் பற்றி எழுதி 1988இல் வெளியிட்ட ஆங்கில நூல், மாடு திருடுதலும் எருமை திருடுதலும் அக்காலச் சமூக வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருந்தன என்பதை விரிவாகக் காட்டுகிறது. வறுமை, அதிகாரிகளின் கொடுமை, தொலைவில் இருந்த காவல், பக்கத்தில் இருந்த எல்லை ஆகிய நான்கும் சேர்ந்து அத்தொழிலை வளர்த்தன.

தமிழ் ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பியப் புறத்திணையியலின் முதல் திணை வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவர்வது அதன் பொருள். கவர்ந்த நிரையை மீட்பது கரந்தை. மீட்கப் போராடி மாண்டவனுக்கு நட்ட நடுகற்கள் தருமபுரியிலும் செங்கத்திலும் இன்றும் நிற்கின்றன. அரசின் கை எட்டாத எல்லையில், நடந்து செல்லும் செல்வமாகிய மாடு இருக்கும் இடத்தில், வெட்சியும் கரந்தையும் பிறப்பது இயல்பு. சங்க காலத் தகடூருக்கும் நூறாண்டுக்கு முந்தைய மூடா ஆற்றங்கரைக்கும் பொதுவானது இது. வகுப்பில் வெட்சித் திணையை நடத்தும்போது இவ்வட்டாரக் கதையையும் சேர்த்துச் சொன்னால், மாணவர்க்கு அப்பாடம் ஏட்டுச் செய்தியாக நில்லாது.

3. தமிழர் வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் இம்மாநிலத்தில் பெரிய கரும்புத் தோட்டங்களைத் திறந்தனர். தென் பகுதியில் கலிடோனியா, பைராம் முதலிய தோட்டங்கள் புகழ்பெற்றிருந்தன. அவற்றுக்காகத் தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஒப்பந்த முறையில் தமிழர் கொண்டுவரப்பட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர், குறித்த ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைக்கக் கட்டுண்டனர். மலாயாவில் இம்முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் பின் கங்காணி முறையே மேலோங்கியது. ஊரில் ஆள் திரட்டிய கங்காணியே தோட்டத்தில் அவர்களுக்கு மேலாளாகவும் இருந்தார். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்யவே, அவ்வழியும் அடைபட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு தேய்ந்து, பால்மரம் வளர்ந்தது. கெடாவை நோக்கிய இருப்புப் பாதை தாசேக் கெலுகோர் வழியாகச் சென்றது. 1915இல் அது அலோர் ஸ்டாரையும், 1918இல் சயாம் எல்லையிலுள்ள பாடாங் பெசாரையும் எட்டியது. பாதை போட்டவர்களிலும், பின்னர் அதனைப் பராமரித்தவர்களிலும் தமிழர் மிகப் பலர். இவ்வாறு தோட்டமும் புகைவண்டியும் சேர்ந்து இவ்வட்டாரத் தமிழரை உருவாக்கின.

ஜேம்ஸ் லோ 1836இல் பினாங்கு, வெல்லெஸ்லி மாநிலம் ஆகியவற்றின் மண்வளம் பற்றி எழுதினார். ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் 1861இல் இம்மாநிலத்தின் நிலவியலையும் வழிகளையும் விளக்கினார். பயனுள்ள நூல்களே. எனினும் ஆட்சியாளரின் ஏடுகளில் தமிழர் எண்ணிக்கையாகவே தோன்றுகின்றனர்: இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் திரும்பினர், இத்தனை பேர் மாண்டனர். வந்து போகும் பறவைகள் என்ற எண்ணமே அவ்வேடுகளில் மேலோங்கி நிற்கிறது. இவர்கள் இம்மண்ணில் வேரூன்ற விரும்பினரா என்பதை அவ்வேடுகள் கேட்கவில்லை. அதற்கு விடை மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது.

4. கொட்டகையில் கிடைக்கும் சான்று

மூன்றாண்டு கழித்து ஊர் திரும்புகிறவன் மாடு வாங்க மாட்டான். கிடாரி வாங்கி, அது பருவமடைந்து, சினையாகி, ஈன்று, பால் தருவதற்கு ஆண்டுகள் பல செல்லும். பால் தரத் தொடங்கியபின் அதன் கன்றை வளர்க்கும் எண்ணம் வரும். ஆகவே லயத்தின் பின்புறம் கட்டப்பட்ட ஒவ்வொரு மாட்டுக் கொட்டகையும் ‘நான் இங்கேயே இருக்கப் போகிறேன்’ என்று ஒரு தமிழன் எழுதாமல் எழுதிய உறுதிமொழியாகும். வந்து போகும் பறவை என்று ஆட்சியாளர் சொன்னதற்கு எதிர்ச்சான்று அதுவே.

இச்சான்றை அறிவியலும் ஏற்கிறது. மலேசியக் கால்நடைத் துறையினர் இந்நாட்டு மாடுகளை வகைப்படுத்தும்போது, கெடா–கிளந்தான் என்னும் சிறிய உள்நாட்டு இனத்தோடு, ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்ற ஒரு வகையையும் சேர்க்கின்றனர். சிவப்பு சிந்தி, சாகிவால், ஓங்கோல் முதலிய இந்திய இனங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கலந்து உருவான வகை அது. அரசுப் பண்ணை திட்டமிட்டு உருவாக்கியதன்று; பெரும்பாலும் இந்தியக் குடும்பங்களின் கொட்டகைகளில் வளர்ந்தது. பெயர் தெரியாத நம் முன்னோர் இந்நாட்டுக்கு விட்டுச் சென்ற உயிருள்ள ஆவணம் என்று அதனைக் கூறலாம்.

வண்டி மாடும் கறவை மாடும் இரு வேறு வாழ்க்கைக்கு உரியவை. சாலையில் மோட்டார் வண்டி பெருகுமுன், சுமையெல்லாம் எருதின் தோளில் ஏறியது: கரும்பு, விறகு, அரிசி மூட்டை, குடிநீர். சிங்கப்பூரின் ‘கிரேத்தா ஆயர்’ என்ற இடப்பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். ‘கண்டாங் கெர்பாவ்’ என்பது எருமைத் தொழுவம். சிராங்கூன் சாலைத் தமிழ்ப் பகுதி மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. பினாங்கிலோ, நகரத்தார் வெள்ளித்தேரை எருதுகள் இழுத்துச் செல்வது தைப்பூச மரபாயிற்று. தோட்டத்து வண்டிக்காரரின் நிலை பால் வெட்டுத் தொழிலாளியின் நிலையிலிருந்து சற்று வேறுபட்டது. அவர் ஊர் ஊராகச் செல்பவர், செய்தி கொண்டுவருபவர். திருமணப் பேச்சும் சாவுச் செய்தியும் வண்டித் தடத்திலேயே வந்தன.

கறவை மாடு வீட்டைச் சார்ந்தது. அதன் அன்றாட ஒழுங்கைத் தோட்டத்தில் வளர்ந்த முதியோர் பெரும்பாலும் ஒரே விதமாகவே விவரிக்கின்றனர். விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். அதற்கு முன்பே எழுந்து பால் கறக்க வேண்டும். கறந்த பால் கிராணியார் வீட்டுக்கும், ஒட்டுக்கடைக்கும், சிற்றூர்க் காப்பிக் கடைக்கும் மிதிவண்டியில் செல்லும். பின்னர் பால்மரத் தோட்டத்தில் வேலை. வெட்டிய மரத்துப் பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துத் திரும்பிய பின், மதியத்துக்கு மேல் புல்லறுக்கவோ மேய்க்கவோ செல்ல வேண்டும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு அதுவே மாலை வேலை. சாணம் வாசலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் பயன்படும். ஒரு நாளில் இரண்டு பால்: ஒன்று மரத்துப்பால், முதலாளிக்கு, மற்றொன்று மாட்டுப்பால், தனக்கு.

இந்த இரண்டாவது பாலின் மதிப்பை அக்காலக் கூலியோடு சேர்த்து நோக்க வேண்டும். 1920களின் இறுதியில் எளிதில் சென்றடையக்கூடிய தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி என்று வரையறுக்கப்பட்டது. உலகப் பொருளாதாரச் சரிவு வந்ததும் 1930இல் அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பால்மர விலை விழுந்தால் கூலி விழும். மாடு கறக்கும் பாலோ இலண்டன் சந்தையைக் கேட்டுக் குறைவதில்லை. தோட்டக் கணக்கேட்டில் ஏறாத அந்த வருமானமே, அடைமழைக் காலத்திலும் வேலையில்லாக் காலத்திலும் குடும்பத்தைத் தாங்கியது.

அதிலும் பால் காசு பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. சம்பள நாளில் ஆணின் கூலி கடைப் பற்றுக்கும் கள்ளுக்கடைக்கும் போக, எஞ்சியது வீடு வரும். பால் காசோ நாள்தோறும் சிறுகச் சிறுக வந்து, முந்தானை முடிச்சில் சேர்ந்தது. குழந்தைகளுக்கும் பால் கிடைத்தது. இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்பதால் குழந்தைகள் மடிகின்றனர் என்று மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கடுமையாக எச்சரித்தார். அத்தகைய காலத்தில் லயத்தின் பின்புறம் ஒரு பசு நின்றது என்பது சிறு செய்தியன்று. ஆனால் பெண்ணின் உழைப்பு அதனால் இரட்டிப்பாயிற்று என்பதையும் மறைக்கலாகாது.

பொங்கலுக்கு மறுநாள் தோட்டத்தின் தோற்றமே மாறும். கொம்புக்கு வண்ணம், கழுத்துக்கு மாலை, கோயில் முன் படையல். வேலையாள் என்ற ஒரே பெயரால் ஆண்டு முழுதும் அழைக்கப்பட்டவர், அன்று ஒரு நாள் உழவர் மரபினர் என்ற பழைய பெருமிதத்தோடு நின்றார். சொந்த நிலம் இல்லை, உழவும் இல்லை. ஆயினும் மாடு இருந்தது.

5. சிற்றூரின் வாழ்வு

தோட்டம் ஓர் அடைபட்ட உலகம். பிறப்பு, வேலை, மருந்து, கோயில், கள், சாவு யாவும் அதன் வேலிக்குள். சிற்றூரே வெளியுலகத்தின் வாயில். புகைவண்டி நிலையம், சீனர் மளிகைக்கடை, தமிழ் முஸ்லிம் உணவுக்கடை, மலாய்ப் பெண்டிர் காய்கனி விற்கும் சந்தை, அஞ்சலகம், காவல் நிலையம்: தாசேக் கெலுகோரைப் போன்ற வடமலேசியச் சிற்றூர்களின் பொது அமைப்பு இது. இங்கேதான் தோட்டத் தமிழர் பிற இனத்தவரோடு பேசிப் பழகினர். மலாய்க் கம்பத்தில் பால் விற்ற தமிழர் நல்ல மலாய் பேசினார். அவரிடம் மாடு வாங்கிய மலாய்க்காரர் மாட்டின் சுழியையும் பல்லையும் பற்றிய தமிழ்ச் சொற்களைக் கற்றார். ஒற்றுமை என்பதை மேடைச் சொல்லாக அறியுமுன், கொடுக்கல் வாங்கலாக அவர்கள் அறிந்திருந்தனர்.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்கில் தமிழ் வகுப்பு 1816ஆம் ஆண்டிலேயே, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது. தோட்டங்களில் பள்ளி பரவியது பின்னர். போதிய எண்ணிக்கையில் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் கூறியதே அதற்குக் காரணம். கட்டடம் கொட்டகையாகவும், ஆசிரியர் சில இடங்களில் கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தனர். அப்பள்ளி முடித்து, புக்கிட் மெர்தாஜத்துக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ மேற்படிப்புக்குப் பிள்ளையை அனுப்ப விரும்பியவருக்கு வண்டிக் கட்டணமும் பள்ளிக் கட்டணமும் வேண்டும். மாடு அங்கே உதவிற்று. கன்றை விற்றுக் கட்டணம் கட்டிய கதை, தோட்டத்திலிருந்து எழுந்து வந்த ஆசிரியர் பலரின் இளமையில் உண்டு. வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் ஏனைய செல்வங்களைக் குறிக்க ‘மாடு’ என்ற சொல்லையே ஆள்கிறார். அழியும் செல்வத்தை விற்று அழியாச் செல்வத்தை வாங்கிய பெற்றோர், அக்குறளுக்கு உரை எழுதாமல் வாழ்ந்து காட்டினர்.

6. மீண்டும் எழுந்த எல்லை

1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கேயிருந்து வந்தனர். பினாங்கு அம்மாதத்திலேயே வீழ்ந்தது. பால்மரத் தோட்டங்கள் நின்றன, அரிசி மறைந்தது, மரவள்ளியே உணவாயிற்று. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; அவருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. ஆடவரை இழந்த லயங்களில் பெண்களே கிழங்கு நட்டு, எஞ்சிய மாட்டைக் காத்துக் குடும்பத்தை நடத்தினர்.

இக்காலத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. பாடநூல்களில் அதற்கு மிகுந்த இடம் இல்லை. 1943ஆம் ஆண்டு ஜப்பான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. 1909இல் மறைந்த எல்லை, மூடா ஆற்றில் மீண்டும் எழுந்தது. 1945இல் போர் முடிந்ததும் அது மறைந்தது. அந்த ஈராண்டில் ஆற்றின் இரு கரையிலும் உறவினரைக் கொண்டிருந்த குடும்பங்கள் எவ்வாறு வாழ்ந்தன என்பதைச் சொல்லக்கூடியவர் இன்று தொண்ணூறு வயதை அடைந்திருப்பர். அவர்களிடம் கேட்க நமக்கு இருக்கும் காலம் மிகக் குறுகியது.

7. மேய்ந்த நிலம் யாருடையது?

அமெரிக்கக் குடியேறியோடு நம்மவரை ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. 1862ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தின்படி அங்கே ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டவனுக்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாயிற்று. அந்நிலம் அதற்குமுன் அங்கு வாழ்ந்த பூர்வ குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அவ்வரலாற்றின் மாசு. எனினும் குடியேறியவன் கையில் பட்டா இருந்தது. நம் தோட்டத் தமிழர் மூன்று தலைமுறை வாழ்ந்தும், தாம் குடியிருந்த லயமோ, மாடு கட்டிய நிலமோ தமக்கு உரியதாகப் பெறவில்லை. காய்கறி பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் தோட்டத்தில் சிறிது நிலம் ஒதுக்க வேண்டும் என்ற விதி தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. அது பயன்படுத்தும் இசைவேயன்றி உரிமையன்று. கிரியான் வட்டாரத்துப் பாகான் செராயில் கத்தோலிக்கக் குருமார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த தமிழ்க் குடியேற்றம் போன்றவை விதிவிலக்குகளே.

இசைவு எப்போதும் கொடுத்தவரால் திரும்பப் பெறப்படக்கூடியது. மறுநடவு செய்த இளம் பால்மரங்களை மாடு கடித்துவிடும் என்று மேய்ச்சலுக்குத் தடை வந்தது. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இளஞ்செம்பனையின் குருத்துக்கும் மாடு பகையாயிற்று. 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையோடு வீடும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின், குடியுரிமை இல்லாத பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. இறுதியில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இவ்வரிசையில் ஒவ்வொரு முறையும் முதலில் வெளியேறியது மாடு. மனிதர் அடுக்குமாடி வீட்டுக்குப் போகலாம்; மாடு போக முடியாது. மாட்டை விற்ற நாளே தாம் ஊரை இழந்த நாள் என்று முதியோர் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இதைச் சொல்லும்போது பழங்காலத்தைப் பொற்காலமாக்கும் ஆசைக்கும் இடம் தரலாகாது. பாலும் மோரும் பெருகிய காலம் என்று பேசுகிற அதே வாய், காய்ச்சலில் மாண்ட தங்கையைப் பற்றியும் பேசும். மலேரியாவும் கடனும் கள்ளும் அடியும் அவ்வாழ்வின் பகுதிகளே. நினைவு இனியதை முதலில் தரும். கசப்பைப் பொறுமையோடு காத்திருந்து கேட்க வேண்டும்.

8. செய்யத்தக்கது

ஆசிரியர்களே, ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று முதியவரிடம் கேட்டால், ‘சொல்ல என்ன இருக்கிறது’ என்று முடித்துவிடுவார். ‘உங்கள் மாட்டின் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். இலட்சுமியா, மயிலையா, செவலையா என்று தொடங்கி, அதை எங்கே வாங்கினார், யாருக்குப் பால் ஊற்றினார், எந்த ஆண்டு விற்றார், ஏன் விற்றார் என்று ஒரு குடும்பத்தின் வரலாறே வெளிவரும். கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பெரட்டு, லயம், கித்தா, சடக்கு, தீம்பார் முதலியன நம் மொழியின் மலேசியச் செல்வங்கள். அவற்றைத் திருத்திவிட்டால் சான்று கெடும். சொன்னவரின் இசைவைப் பெறுங்கள். தேதியையும் இடத்தையும் குறியுங்கள். வேறொருவர் நினைவோடும், கிடைத்தால் தோட்டச் சம்பளச் சீட்டோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒப்பிடுங்கள். நினைவு பிழைபடும், ஆனால் எந்த இடத்தில் பிழைபடுகிறது என்பதும் வரலாற்றுக்கு ஒரு செய்தியே.

மாணவர்களே, உங்களுள் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால், ஒரு பள்ளி ஓராண்டில் ஒரு வட்டாரத்தின் ஏட்டையே உருவாக்கிவிடும். இன்று மின்சார இரயில் தாசேக் கெலுகோரைச் சில நிமிடங்களில் கடந்து மூடா ஆற்றைத் தாண்டிவிடுகிறது. சாளரத்தின் வழியே செம்பனையும் வீடுகளும் தெரியும். அங்கே பட்டி இருந்ததற்கோ, விடியலில் பால் கறந்தவர் வாழ்ந்ததற்கோ அடையாளம் ஒன்றும் தெரியாது. ஆநிரை காத்து மாண்டவனுக்கு நம் முன்னோர் கல் நட்டனர். பெயரும் செயலும் பொறித்தனர். ஆநிரை வளர்த்து நம்மை வாழவைத்தவர்க்கு நாம் எழுதும் ஒரு பக்கமே நடுகல். அதனை அவர்கள் இருக்கும்போதே எழுதுவோம்.